நாலடி ஏரி

"என்ன தீம் போடணும் சார்?" என்று கேட்டார் கொளத்தூர் கடைக்காரர். கையில் ரசீதுப் புத்தகம். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாகத் தொட்டிகள். "பிளான்டட் போடலாம், மரைன் போடலாம். வாஸ்துக்குன்னா அரவானா ஒண்ணு விட்டுடலாம்."

"மடிப்பாக்கம் ஏரி" என்றேன். "1985-ல இருந்த மாதிரி."

அவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் ரசீதில் 'லோக்கல்' என்று எழுதிக்கொண்டார்.

மீன் வளர்ப்புப் பித்துக்குள் இதற்குத் தனிப் பெயர் உண்டு, பயோடோப். ஏதோ ஓர் ஆற்றின் அல்லது குளத்தின் ஒரு துண்டை, அங்குள்ள மண், செடி, மீன், தண்ணீரின் நிறம் உட்பட, கண்ணாடிக்குள் பெயர்த்து வைப்பது. பெரும்பாலானவர்கள் அமேசான் பக்கத்துக் கறுப்பு ஓடை ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். பெங்களூரிலிருந்து மகள் அனுப்பிய படங்களைப் பார்த்துப் பார்த்து 2023 சித்திரையில் எனக்கும் அது தொற்றியது. நான் அமேசானைக் கண்டதில்லை. கண்டது ஓர் ஏரியைத்தான். எங்கள் அடுக்கக மொட்டை மாடியில் வடாம் காயப்போடும் மூலையில் நின்றால் அதன் மிச்சம் இன்றைக்கும் தெரியும். மாடியிலிருந்து ஓசியில் தெரிகிற ஏரியைக் கூடத்துக்குள் கொண்டுவர அறுபத்தெட்டாயிரம் ஆகும் என்று கடைக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார். மீன் தனி.

1985-ல் பெய்த மழையைச் சென்னையில் என் வயதுக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். மடிப்பாக்கம் அப்போது பாதி வயல். மழை விட்ட மறுநாள் வயல் எது, வாய்க்கால் எது, எங்கள் தெரு எது என்று தவளைக்கே குழப்பம். எனக்குப் பத்து வயது. நானும் எதிர்வீட்டுப் பையனும் அப்பாவின் ஈரிழைத் துண்டை ஆளுக்கொரு முனையில் பிடித்து, வாய்க்காலில் தாழ்த்தி, மெல்லத் தூக்குவோம். தண்ணீர் வடிந்ததும் துண்டின் நடுவே வெள்ளிக் காசுகள் துள்ளும். கெண்டைக் குஞ்சு, அயிரை, தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு வைத்த முண்டக்கண்ணி. (மயிலாப்பூரில் அதே பெயரில் ஓர் அம்மன் இருப்பது பிற்பாடுதான் தெரிந்தது. மீனின் பெயரைத்தான் அம்மனுக்கு வைத்துவிட்டார்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.) எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் போகும். காலையில் எல்லாம் மிதக்கும். மறுபடி துண்டு, மறுபடி வாய்க்கால். வாய்க்காலில் மீன் தீராத வரையில் மனச்சாட்சிக்கு வேலை வரவில்லை.

"இப்படிக் கொன்னு குவிக்காதே, நான் ஒரு தொட்டி பண்ணித் தரேன்" என்றார் அப்பா. அவர் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறவர். வீட்டில் ஓர் ஆணி அடித்துப் பார்த்ததில்லை. ஆனால் கோப்பு தள்ளுகிறவர்களுக்கு ஒரு பலம் உண்டு, எந்த வேலைக்கும் ஆள் தெரியும். ஜன்னல் கிரில் அடிக்கும் பட்டறையில் இரும்பு ஆங்கிளில் இரண்டடிச் சட்டம் செய்யச் சொன்னார். ஃப்ரேம் கடையில் ஜன்னல் கண்ணாடி வெட்டினார். சாக் பவுடரையும் லின்சீடு எண்ணெயையும் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து பட்டி தயாரித்தார். அது மட்டும் போதாது என்று காசிமேட்டில் படகு பார்க்கும் ஒருவர் சொன்னதன் பேரில், பலகை இடுக்குக்குப் பூசுகிற குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிச் சேர்த்தார். வீடு முழுக்கச் சாம்பிராணிக்கு அக்காள் மாதிரி ஒரு வாசனை. மொத்தச் செலவு நூற்றுப்பத்து ரூபாய் என்று அவருடைய டைரியில் இருக்கிறது. அதே பக்கத்தில், அம்மாவின் கையெழுத்தில், 'பாழ்' என்று இருக்கிறது.

அந்தத் தொட்டியின் சூட்சுமம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. சட்டம் வெளியே, கண்ணாடி உள்ளே, இரண்டுக்கும் நடுவில் பட்டி. தண்ணீர் தள்ளத் தள்ளக் கண்ணாடி பட்டியின் மேல் அழுந்தி இடுக்கு இறுகும். முதல் மூன்று நாள் ஒழுகியது. அம்மா அடியில் அலுமினியக் குண்டானை வைத்தார். நாலாம் நாள் நின்றது. காலியாகப் போட்டால் பட்டி காய்ந்து வெடித்து மறுபடி ஒழுகும். ஆகவே அது எப்போதும் நிறைந்தே இருக்கவேண்டிய தொட்டி. கண்ணாடியும் அந்தக் காலத்து ஷீட் கண்ணாடி, பரப்பெல்லாம் மெல்லிய அலை. மீன் நகர்ந்தால் நெளியும், பெருக்கும், சிறுக்கும். விழுந்து விழுந்து பார்த்தோம்.

இப்போது கதை வேறு. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்கிற ஃப்ளோட் கண்ணாடி, பத்து மில்லிமீட்டர் கனம், வைர மெருகு தீட்டிய விளிம்பு. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சட்டமே கிடையாது. ஐந்து கண்ணாடிகளை ஒட்டி நிறுத்துவது சிலிக்கான் ஒன்றுதான். நிரப்பினால் இருநூற்று ஐம்பது லிட்டர் தண்ணீர். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் நூறு கிலோவுக்கு மேல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இந்தத் தள்ளல் தண்ணீரின் ஆழத்தோடு ஆழம் பெருகுகிற கணக்கு. நான் உயரத்தை இரண்டடியாக்க ஆசைப்பட்டேன். "அரை அடிதானே சார்னு எல்லாரும் சொல்வாங்க. தள்ளுற எடை முக்கால் பங்கு கூடிடும். பன்னெண்டு எம்எம் போகணும்" என்றார் கடைக்காரர். அவர் எட்டாவதோடு நின்றவர் என்று பின்னால் சொன்னார். நான் இயற்பியலில் பட்டம் வாங்கியவன்.

ஒட்டுவதை மட்டும் என் கண் முன்னால் செய்யச் சொன்னேன். விளிம்புகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மறைப்பு டேப் ஒட்டி, துப்பாக்கியிலிருந்து சிலிக்கானை நூல் பிடித்த மாதிரி இழுத்தார்கள். காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் சிலிக்கான் இறுகும். இறுகும்போது வினிகர் நெடி அடிக்கும். குளியலறைக்கு விற்கிற சிலிக்கானில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருப்பார்கள், அதை மீன் தொட்டிக்குப் போட்டால் மீனும் பிடிக்காது. ஒரு வாரம் காயவிட்டு, தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் கடையிலேயே வைத்து ஒழுக்குப் பார்த்து, ஒரு சொட்டுகூட வரவில்லை என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார்கள். எனக்கு லேசான ஏமாற்றம். குண்டானுக்கு வேலை இல்லை.

தொட்டி வருவதற்கு முன்பே அசோசியேஷன் செக்ரட்டரி வந்தார். தண்ணீர், கண்ணாடி, மண், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து நானூறு கிலோ வரும் என்பது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு இருநூறு கிலோ தாங்கும் கணக்கில்தான் கட்டுவார்கள். என் தொட்டி அரைச் சதுர மீட்டரில் நானூறை இறக்கப் பார்க்கிறது. பொறியாளர் நண்பர் ஒருவர் வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பீம் எங்கே ஓடுதோ அது மேலே, சுவரை ஒட்டி வை. ஒண்ணும் ஆகாது" என்றார். பீம் ஓடிய இடத்தில் டிவி இருந்தது.

அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. அவருடைய மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை அந்தச் சுவருக்குத்தான் சொந்தம். டிவி படுக்கையறைக்குப் போன அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. தன் நாற்காலியை மட்டும் நகர்த்த மறுத்துவிட்டார்.

அப்புறம் மண், செடி. கடைக்காரர் ஜப்பானிய மண் மூட்டையைக் காட்டினார். டகாஷி அமானோ என்ற புகைப்படக்காரர் தொட்டிக்குள் காட்டையும் புல்வெளியையும் அமைத்துக் காட்டியதிலிருந்து உலகமே அந்த வகை மண்ணைத்தான் வாங்குகிறது. நான் வண்டல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். செடிப் பட்டியலில் அப்போனோஜிட்டான் என்று ஒன்று, கிழங்கு ஒன்று நூற்றெண்பது ரூபாய். மேலே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து அம்மா, "இது கொட்டிக் கிழங்குடா. அவிச்சுத் தின்போம்" என்றார். பக்கத்திலிருந்த வேலம்பாசியை நானே அடையாளம் கண்டேன். வாய்க்காலில் எங்கள் காலைச் சுற்றிக்கொண்ட அதே பாசி. இதற்கு ஒரு வெளிநாட்டுப் பயணக் கதை உண்டு. 1950களில் மீன்தொட்டிச் செடி என்று இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஃப்ளோரிடாவில் ஒரு வியாபாரி சரிப்படவில்லை என்று கால்வாயில் கொட்டினார். அதன் பிறகு அந்த மாநிலத்தின் ஏரிகளையும் ஆறுகளையும் அது அடைத்துக்கொண்டது; இன்றுவரை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். பத்து தண்டு எழுபது ரூபாய் என்று எனக்குப் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர்.

தண்ணீருக்குத் தேநீர் நிறம் வரவேண்டும். அதற்குக் காய்ந்த பாதாம் இலை போடுவார்கள். மகள் ஆன்லைனில் ஆர்டர் செய்தாள், இருபது இலை நூற்றைம்பது ரூபாய், கிழியாமல் அட்டைப் பெட்டியில் அடுக்கி. கூரியர்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது, எங்கள் வாசல் பாதாம் மரத்துச் சருகைத் துப்புரவுப் பணியாளர் குவித்துக் கொண்டிருந்தார். "அதுல பூச்சி மருந்து இருக்காதுப்பா, சர்டிஃபைட்" என்றாள் போனில். எங்கள் மரத்துக்கு யார் மருந்து அடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

தொட்டியை நிரப்பினோம். பாதி லாரித் தண்ணீர், பாதி போர். விளக்கைப் போட்டோம். மீன் விடவில்லை.

இதைத்தான் ஒருவருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அது அவ்வளவு மோசமில்லை, செடிக்கு உரம். இந்த இரண்டு கூட்டமும் வடிகட்டியிலும் மணலிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒரு சிட்டிகை மீன் உணவை வெறும் தண்ணீரில் போட்டு அழுகவிட்டு, சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்து, நோட்டில் குறிக்கவேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஏன் எல்லாம் மிதந்தன என்பதற்கு முப்பத்தெட்டு ஆண்டு கழித்து எனக்கு விடை கிடைத்தது.

வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வி. "மீன் எங்கே?"

"இப்ப பாக்டீரியா வளருது."

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஏங்க, ஃப்ரிட்ஜ்ல மூணு நாள் சாம்பார் இருக்கு. வேணும்னா எடுத்துக்கோங்க" என்றாள். அம்மா நகர்த்தாத நாற்காலியில் ஆறரைக்கு உட்கார்ந்து, ஒன்பதரை வரை வெறும் தண்ணீரைப் பார்ப்பார். இரண்டாவது வாரக் கடைசியில் கேட்டார், "என்னடா சீரியல் இது, ஆரம்பிச்சு பதினஞ்சு நாள் ஆச்சு, இன்னும் ஒருத்தரும் வரலை."

மூன்றாவது வாரம் பொறுமையிழந்து, பாட்டிலில் அடைத்த பாக்டீரியா ஒன்று வாங்கி ஊற்றினேன், அறுநூற்றைம்பது ரூபாய். வீட்டுக்கு வந்து பாட்டிலைக் குலுக்கியபோது வந்த வாசனை எங்கேயோ முகர்ந்தது மாதிரி இருந்தது. ஏரிக்கரைச் சேறு. அப்பா தன் தொட்டிக்கு அடியில் ஒரு பக்கெட் சேற்றைத்தான் கொட்டினார், பாசி வேர் பிடிக்கட்டும் என்று. மறுநாளே மீன் விட்டோம். ஒன்றும் சாகவில்லை.

அதாவது, நோயிலோ விஷத்திலோ சாகவில்லை. செக்கச்செவேலென்று கூட்டமாகத் திரிந்த விரால் குஞ்சுகளில் ஒன்றை அழகாக இருக்கிறதே என்று நான் போட்டுவிட்டேன். தை மாதத்துக்குள் தொட்டியில் அது மட்டும்தான் இருந்தது. விரலளவு போட்டது, ஒரு சாண். இன்றைக்கு விரால் வகைகள் 'சன்னா' என்ற பெயரில் அலங்கார மீனாகிவிட்டன. வடகிழக்கிலிருந்து வரும் சில இனங்களுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் அம்மா மறுபடி டைரியைத் தேடுவார். எங்கள் சன்னாவைப் பக்கத்து வீட்டுத் தாத்தா குழம்பு வைத்தார்.

ஆறாவது வாரம் நைட்ரைட் பூஜ்யம் காட்டியது. மீன் வாங்கக் கொளத்தூர் போனேன். கப்பி, மாலி, ஏஞ்சல், ஆஸ்கார், நெற்றியில் கொழுக்கட்டை வைத்த மாதிரி ஃப்ளவர்ஹார்ன். தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் தாய்லாந்தும் கிலோ கணக்கில் இருந்தன. முண்டக்கண்ணி இல்லை. "நேட்டிவ் வேணும்னா சொல்லி வைக்கணும் சார்" என்றார்கள். சொல்லி வைத்தேன். கேரளத்திலிருந்து ஆக்ஸிஜன் அடைத்த பிளாஸ்டிக் பையில், தெர்மோகோல் பெட்டிக்குள், ரயிலில் வந்தன. எட்டு முண்டக்கண்ணி, ஜோடி நூற்றிருபது. கூடவே பத்துக் கெண்டை, ஒரு பனையேறிக் கெண்டை.

பனையேறியை நான் பிரத்தியேகமாகக் கேட்டு வாங்கினேன். செவுளுக்கு மேல் மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருப்பதால் அது வெளிக்காற்றைச் சுவாசிக்கும். தண்ணீர் வற்றினால் செவுள் முள்ளை ஊன்றித் தரையில் நகர்ந்து அடுத்த குட்டையைத் தேடும். தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனி லெப்டினன்ட் டால்டார்ஃப் என்பவர் 1791-ல் இது பனைமரத்தில் ஏறியிருந்ததைக் கண்ணால் கண்டேன் என்று எழுதி, லண்டனில் 1797-ல் அச்சாகியது. மரம் ஏறுமா என்பதில் சந்தேகம் உண்டு. எங்கள் வீட்டில் அரிசி டிரம் வரை போயிருக்கிறது. நடு இரவில் 'சரக், சரக்' என்று சத்தம் கேட்டு அம்மா பாம்பு என்று அலறியதும், அப்பா குடையோடு பாய்ந்ததும், டிரம்முக்குப் பின்னால் அது தவிட்டில் புரண்டு பிரட்டுத் தூள் போட்ட கட்லெட் மாதிரி கிடந்ததும் குடும்பப் புராணத்தில் ஒரு காண்டம். ஆகவே இந்தத் தடவை மூடியோடு தொட்டி.

விளக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். போனில் ஓர் ஆப் உண்டு. ஆறு மணிக்கு விடியும், பொன்னிறம் வரும், நண்பகல் வெள்ளை, மாலை ஆரஞ்சு, ராத்திரி நிலா. 'ஸ்டார்ம்' என்று ஒரு பொத்தான். தொட்டால் தொட்டிக்கு மேல் மேகம் கறுத்து மின்னல் வெட்டும். விருந்தாளிகளுக்கு அதைத்தான் போட்டுக் காட்டுவேன். மீன்கள் சட்டை செய்யவில்லை.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. நான்காம் தேதி இருட்டோடு மின்சாரம் போனது, மூன்று நாள் வரவில்லை. பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். இன்வெர்ட்டர் முதல் இரவே கையை விரித்தது. வடிகட்டி நின்றது, காற்று மோட்டார் நின்றது, ஆப்பில் மட்டும் 'ஸ்டார்ம்' பொத்தான் பளிச்சென்று இருந்தது. கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஓட்டம் நின்றால் வடிகட்டிக்குள் இருக்கும் பாக்டீரியாவும் மூச்சுத் திணறிச் சாகும், ஆறு வாரம் வளர்த்த பிள்ளைகள்.

அப்பா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பழைய லாரி டியூப், சைக்கிள் பம்பால் காற்றடித்தது. வால்வில் குளுக்கோஸ் ஏற்றும் ரப்பர் குழாய், அதிலிருக்கும் உருளைச் சக்கரத்தைத் திருகினால் காற்று சொட்டுச் சொட்டாக விடிய விடியக் குமிழ் விடும். வாட்ச்மேனைக் கூப்பிட்டு எங்கேயாவது ஒரு டியூப் கிடைக்குமா என்று மாடியிலிருந்து கேட்டேன். அவர் பார்க்கிங்கில் மிதந்துகொண்டிருந்த வண்டிகளைக் கை காட்டினார். "எல்லாம் டியூப்லெஸ் சார்."

பித்தளை டம்ளரை எடுத்தேன். மோந்து, உயரத் தூக்கி, ஊற்றினேன். மோந்து, தூக்கி, ஊற்றினேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாற்காலியிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "மீனுக்குக் காபி ஆத்திக் குடுக்கறவனை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "நுரை வர்ற மாதிரி ஆத்து" என்றார். இரண்டு மணிக்கு அவரே எழுந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். என்னைவிட அவருக்குக் கை உயரும். மூன்று நாளும் அப்படித்தான் ஆற்றினோம். இரண்டு கெண்டை போயிற்று. பனையேறி ஒருமுறைகூடப் பதறவில்லை. மேலே வரும், ஒரு மிடறு காற்றைக் குடிக்கும், இறங்கும்.

நான்காம் நாள் தண்ணீர் வடிந்தது. வாட்ச்மேன் பையன், ஒன்பது வயது இருக்கும், படியேறி வந்தான். கழுத்து வெட்டிய ரெண்டு லிட்டர் பாட்டில், கலங்கல் தண்ணீர்.

"அங்கிள், உங்க டேங்க்ல விடறீங்களா? பார்க்கிங்ல பிடிச்சேன்."

உள்ளே கறுப்பாக, கவசம் போட்ட உடம்போடு, வாயைப் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒன்று கிடந்தது. கொளத்தூரில் டேங்க் கிளீனர் என்று விற்பார்கள். சக்கர் மீன். ஊர் தென் அமெரிக்கா. குட்டியாக வாங்கி, பாசி தின்னட்டும் என்று விட்டு, ஓரடியாக வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போனதும் கொல்ல மனசு வராத நல்லவர்கள் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். எந்தச் சாக்கடையிலும் பிழைக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடும். வலையில் சிக்கினால் வலைதான் கிழியும். வாங்க ஆள் கிடையாது.

"எதால பிடிச்சே?"

"துண்டால."

"வேற என்ன மாட்டுச்சு? கெண்டை? அயிரை?"

அவனுக்கு அந்தப் பெயர்கள் தெரிந்த மாதிரி இல்லை. "இதான் அங்கிள். நாலு தடவை போட்டோம். நாலு தடவையும் இதேதான்."

நாற்காலியிலிருந்து அம்மா கேட்டார், "ஏரியிலேர்ந்து வந்ததுதானேடா? நீ ஏரிதானே கட்டியிருக்கே, விடேன்."

பையன் அதற்குள் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.